படியும் பாடியும்

யதிராஜன் சார் எங்களுக்குத் தரவேண்டியது ஏழாயிரத்து இருநூறு ரூபாய். போன வருஷத்துப் பாக்கி. கல்யாண மாதங்களில் அது நினைவுக்கே வராது. ஆடி பிறந்தால் வந்துவிடும். முகூர்த்தம் கிடையாது. அம்மன் கோயில் வாசலில் நாலு தகரம் கட்டி, கூழ் ஊற்றுகிற இடத்துக்கு ஒரு மறைப்புப் போட்டால் அதோடு சரி. பந்தல் வேலைக்காரன் வீட்டில் உட்கார்ந்து, யார் யார் எவ்வளவு தரணும் என்று யோசிக்கிற மாதம் அது. நானும் யோசித்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் ஏறி ஸ்ரீரங்கத்தில் இறங்கினேன்.

பாக்கி நின்ற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். யதிராஜன் சார் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குறும்பட வட்டம் நடத்துகிறார். வருஷம் ஒரு விழா. ஒரு பொருளைச் சொல்லி, அதைப் பற்றிப் படம் அனுப்பச் சொல்வார்கள். வந்ததில் நல்லதாகத் தேர்ந்து, வரிசைப்படுத்திப் போடுவார்கள். நாம் பார்க்கிற படம் மாதிரி இருக்காது. கதை கிடையாது, பாட்டு கிடையாது. குழாயில் சொட்டுத் தண்ணீர் விழுவதை நாலு நிமிஷம் காட்டுவார்கள். சோதனைப் படம் என்று பெயர். "சோதனை யாருக்குண்ணே, படம் எடுத்தவனுக்கா, பாக்கிறவனுக்கா?" என்று எங்கள் ஸ்டீபன்ராஜ் கேட்பான்.

போன வருஷம் அவர்கள் சொன்ன பொருள் மௌனம். இருநூறு நாற்காலி, சுற்றிலும் கறுப்புத் துணி, திரைக்குச் சட்டம், எல்லாம் எங்கள் ஆட்கள்தான். மறுநாள் விடியற்காலை மண்ணச்சநல்லூரில் முகூர்த்தம். அதே நாற்காலிகள் அங்கே போக வேண்டும். படம் ஆரம்பித்து அரை மணி ஆவதற்குள் கூட்டம் கரைய ஆரம்பித்தது. பந்தல் வேலை பார்த்தவன் கைக்கு ஒரு வழக்கம் உண்டு. நாற்காலி காலியானால் சும்மா இருக்காது. ஸ்டீபன்ராஜ் கடைசி வரிசையை உருவி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். பிளாஸ்டிக் நாற்காலி. டபக், டபக். திரையில் ஒரு பாழுங்கிணறு மௌனமாக இருந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், எழுந்துவிட்டார்கள். அவர்கள் எழுந்ததும் அந்த நாற்காலிகளையும் அடுக்கினோம்.

யதிராஜன் சார் திட்டவில்லை. "விழாவையே அடுக்கிட்டேளேப்பா" என்றார். அவ்வளவுதான். ஆனால் முன்பணம் போக மீதியைத் தரவில்லை. வேலை செய்தோம், கூலி கொடு என்பது எங்கள் நியாயம். விழாவைக் கெடுத்தவனுக்கு எதற்குக் கூலி என்பது அவர் நியாயம். இரண்டு நியாயமும் ஒரு வருஷம் அப்படியே நின்றன.

நான் போனபோது உத்திர வீதியில் சார் வீட்டு மாடியில் மூன்று பேர் ஒரு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். யதிராஜன் சார், அவர் தம்பி மகள் ஹம்ஸா, கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிற வசீம். ஹம்ஸா ஒரு கல்லூரியில் சினிமா சொல்லிக் கொடுக்கிறாள். வசீமை எனக்கு முகூர்த்த வீடுகளில் பழக்கம்.

"வாங்கோ அடைக்கலம். பெருமாளைச் சேவிச்சாச்சா?" என்றார் சார்.

"இன்னும் இல்லைங்க. பாக்கி உள்ளவங்களை முதல்ல பாத்துட்டுப் போவோம்னு."

வசீம் வாயைப் பொத்திக்கொண்டான். ஹம்ஸா ஒரு முக்காலியைத் தள்ளினாள்.

"உட்காருங்கண்ணா. இங்கே வேற ஒரு சண்டை ஓடிண்டிருக்கு. அது முடியட்டும்."

"சரிங்க பாப்பா."

"முப்பத்தொரு வயசாறது எனக்கு. பாப்பாங்கறீங்களே."

"சரி, ஹம்ஸாம்மா."

சண்டை இதுதான். இந்த வருஷத்துக்குப் பொருள் சொன்னவர் யதிராஜன் சார். அவர் மனசில் இருந்தது மலைக்கோட்டைப் படிகள், அம்மா மண்டபத்துப் படித்துறை, கார்த்திகையில் நம்பெருமாள் கற்பூரம் தூவத் தூவ ஏறுகிற படி. ஆனால் அறிவிப்பு என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வங்கியில் அப்படித்தான் எழுதிப் பழக்கமாம். 'படி' என்று ஒரே வார்த்தை. கீழே தேதி, போன் நம்பர். வாட்ஸப்பில் போட்டுவிட்டார். அதை எவனோ ஆங்கில எழுத்தில் PADI என்று அடித்து மாவட்டம் முழுக்கச் சுற்ற விட்டான்.

வந்து குவிந்த படங்களைப் பார்க்க வேண்டுமே. ஒருவர் படி அரிசி அளப்பதை எடுத்திருந்தார். ஒருவர் வீட்டில் அம்மா 'படி, படி' என்று கத்துவதை எடுத்திருந்தார். ஒருவர் ஜெராக்ஸ் கடையை எடுத்து, 'படி எடுக்கிறாங்க' என்று விளக்கம் எழுதியிருந்தார். தூசி படிவதை ஒருவர். விலை படியாததை ஒருவர். கரூர்ப் பக்கம் ஒரு பையன் ஆங்கில எழுத்தை 'பாடி' என்று படித்துவிட்டு, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையை எடுத்து அனுப்பியிருந்தான்.

"நான் கேட்டது படிக்கட்டு" என்றார் சார்.

"நீங்க கேட்டது படி, பெரியப்பா. 'கட்டு'ங்கறதை நீங்க போடலை."

"அப்போ படிக்கட்டை எடுத்தவாளை மட்டும் போடுவோம்."

"பதினாலு படம் இருக்கு சார்" என்றான் வசீம். "பதினாலும் மலைக்கோட்டை. பதினாலு பேரும் காலைத்தான் பிடிச்சிருக்காங்க. ஒரே கால் மாதிரியே இருக்கு."

ஹம்ஸா என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க எத்தனையோ கூட்டம் பாத்தவர். ஒரு பத்துப் படம் போடறேன். ஜனம் எந்த இடத்துல எழுந்திருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

"அவருக்குத் தெரியாமலா?" என்றார் சார். "எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே நாற்காலியை உருவிடுவாரே."

எனக்கும் கொஞ்சம் சூடு ஏறிவிட்டது. "ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை எவன் சார் தொடுறான்? உட்கார வைக்க உங்களால முடியலை. கோவம் எங்க மேல."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, ஒரு பேச்சு வெச்சுக்கலாம்" என்றார். "இந்த வருஷ வேலைக்கு உண்டான கூலி இன்னிக்கே தந்துடறேன். கடைசிப் படம் முடியறவரைக்கும் ஜனம் உட்கார்ந்திருந்தா பழைய ஏழாயிரத்து இருநூறும் அங்கேயே தரேன். நடுவிலே கலைஞ்சுதோ, அந்தக் கணக்கை நீங்க மறந்துடணும். ஆடி மாசத்திலே வந்து முக்காலியிலே உட்காரப்படாது."

நான் ஒத்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல்தான் ஒத்துக்கொண்டேன். என் பணம் கதையில்லாத படங்களின் கையில் போய்விட்டது என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. மறுநாள் காலையில் கூப்பிடாமலே உத்திர வீதிக்குப் போய் நின்றேன்.

பத்துப் பதினைந்து படம் பார்த்ததும் எனக்கு எது எது என்று குழம்பிவிட்டது. ஹம்ஸா பெயர்களை எழுதி எழுதி அடிப்பாள், அம்புக்குறி போடுவாள். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அவள் அடுத்த தாளுக்குப் போயிருப்பாள். நான் பெரியவனான பிறகு, பந்தல்காரர் சங்கத்துக் கட்டடத்தில் ராத்திரி வகுப்பில் எழுத்துக் கற்றவன். வாசிப்பேன், ஆனால் நடந்து போகிற வேகம்தான். அதனால் குடோனில் இருந்து எட்டு நாற்காலி தூக்கி வந்து மாடியில் வரிசையாகப் போட்டேன். விழாவில் போடுவது எட்டுப் படம், ஒரு படத்துக்கு ஒரு நாற்காலி. முதுகில் ஒட்டுத்தாளில் பெயர். இது முன்னால் வரட்டும் என்றால் நாற்காலியைத் தூக்கி முன்னால் போடுவது. ஹம்ஸாவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து, "இந்தப் படத்துலேர்ந்து எழுந்து அந்தப் படத்துக்குப் போறேன், வழி இருக்கா பாருங்க" என்பாள்.

சும்மா எட்டு நல்ல படத்தைப் போட்டால் போதாது என்பது அவள் கட்சி. ஒரு படம் முடிகிற இடத்தில் அடுத்த படத்துக்குக் கண் தயாராக வேண்டும். "பந்தியில நீங்க எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொட்டறேளா?" என்று என்னைக் கேட்டாள். நான் பந்தி பரிமாறுகிறவன் இல்லை, நாற்காலி போடுகிறவன் என்றேன்.

முதல் நாற்காலிக்குச் சண்டையே இல்லை. அம்மா 'படி' என்று கத்துகிற படம். திரையில் குக்கர் மட்டும்தான் தெரியும். உள்ளே இருந்து குரல் வரும்: "படி." குக்கர் விசில் அடிக்கும். "சத்தமாப் படி." இன்னொரு விசில். யாரைப் படிக்கச் சொல்கிறாள் என்று கடைசிவரை காட்டவே மாட்டார்கள். விசில்தான் பதில்.

இரண்டாவது சுபலட்சுமி என்ற கல்லூரிப் பெண் எடுத்தது. அவள் அம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பாதி படிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். "ஸ்ரீ மு... ஸ்ரீ முரு..." போய்விட்டது. அடுத்த பலகை. எல்லாம் பாதி பாதியாக. ஊர் முழுக்கப் பாதிப் பெயராகவே போகும்.

"இது வேண்டாம்மா" என்றேன்.

"ஏண்ணா? எழுந்திருப்பாளா?"

"எழுந்திரிப்பாங்களான்னு தெரியலை. எனக்கு இது படமாத் தெரியலை. பஸ்ல போற மாதிரி இருக்கு." பிறகு சொன்னேன். எங்கள் ஊர் மருங்காபுரிப் பக்கம். எழுத்துக் கற்ற புதிதில், துவரங்குறிச்சி போக வேண்டியவன் 'து' என்ற எழுத்தைக் கண்டதும் பெருமையாக ஏறி உட்கார்ந்தேன். துறையூரில் இறக்கிவிட்டார்கள். அது திருச்சிக்குத் தெற்கு, இது வடக்கு.

ஹம்ஸா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அந்த நாற்காலியை இருந்த இடத்திலேயே இன்னும் அழுத்திப் போட்டாள்.

மூன்றாவது ஜெராக்ஸ். ஒரு முகத்தைப் படி எடுத்து, அந்தப் படியைப் படி எடுத்து, முகம் வெறும் புள்ளியாகிறவரை. நாலாவது மண்ணச்சநல்லூர் ரைஸ்மில். இரும்புப் படியில் அரிசி கொட்டி உள்ளங்கையால் தலைதட்டுகிற ஒரு கை. மறுபடி கொட்டுவது, மறுபடி தட்டுவது. ஐந்தாவதை நான் முதலிலேயே போட வேண்டும் என்று அடம்பிடித்தேன். மணப்பாறை மாட்டுச் சந்தை. ஒரு சிவப்புத் துண்டு, அதன் கீழே இரண்டு கை. ஏழு நிமிஷமும் துண்டு மட்டும் அசையும். தலைப்பு 'படியலை'.

"துண்டுக்குள்ளே என்ன பண்றா?" என்றார் யதிராஜன் சார்.

விலை பேசுகிறார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். மீதியை வசீம்தான் சொன்னான். அவன் அத்தா ஆட்டு வியாபாரி. "விரல் ஒண்ணுக்கு ஆயிரம்னு வெச்சுக்கங்க சார். அஞ்சு விரலையும் பிடிச்சுட்டு, விட்டு, திரும்ப ரெண்டைப் பிடிச்சா ஏழாயிரம். கொஞ்சம் நிறுத்திட்டுப் பிடிச்சா அது நூறு. சுத்தி நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாதுல்ல." சார் தன் அங்கவஸ்திரத்தைக் கையில் போட்டு வசீமின் விரல்களை விடாமல் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். "அறுபதாயிரம் சொல்றீங்க சார், ஆடு அவ்வளவு போகாது" என்றான் அவன்.

ஹம்ஸா அதை முதலில் போட விடவில்லை. "ரைஸ்மில்லுக்கு அப்புறம்தான். இவ்வளவு நேரம் கையையே பாத்துண்டிருக்கா. சட்டுனு கை மறைஞ்சுடறது. அப்போ துணிக்குள்ளே தேடுவா. தேட ஆரம்பிச்ச கண்ணு எழுந்து போகாது."

அதற்கு அடுத்தது மூடிப்போன ஒரு தியேட்டரில் காலி இருக்கைகள் மேல் தூசி படிவது. லூர்து என்று பாலக்கரைக்காரர் எடுத்தது. அதில் எதுவுமே அசையாது. ஓட்டை வழியாக விழுகிற வெளிச்சத்தில் தூசி மட்டும். "இங்கே காலி ஆகும். எழுதி வெச்சுக்கங்க" என்றேன். எடுத்துவிடலாம் என்றேன். கெஞ்சவும் செய்தேன். அவள் அசையவில்லை. ஏழாவது அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரி ஏறுவது. ஒவ்வொரு படியாகத் தண்ணீருக்குள் போகும். படிக்கட்டுப் படங்களில் காலைப் பிடிக்காத ஒரே படம் அதுதான். யதிராஜன் சாருக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கியது. "இதோட முடிச்சுடலாம். கையெடுத்துக் கும்பிட்டுண்டு அவாவா ஆத்துக்குப் போவா" என்றார்.

ஹம்ஸா எட்டாவது நாற்காலியைக் கொண்டுவந்து அதற்குப் பின்னால் போட்டாள். ஒட்டுத்தாளில் 'பாடி' என்று இருந்தது.

"லாரியா?" என்றார் சார். "அது தப்பா வந்த படம்மா."

"தெரியும்."

"அவன் தப்பாப் படிச்சுட்டு அனுப்பினவன்."

"தப்பாப் படிச்சாலும் படிச்சான்தானே, பெரியப்பா. இதுவரைக்கும் ஏழு படம் நாம காட்டினோம். கடைசியிலே ஒண்ணை அவாளே தேடட்டும்."

"தேடறதுக்கு அதிலே ஒண்ணும் இல்லையே."

அந்தப் படம் ஒன்பது நிமிஷம். பட்டறை. சுத்தியல் சத்தம். மரச்சட்டம் ஏறுகிறது, தகடு ஏறுகிறது, ஆணி அடிக்கிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள். வேறு ஒன்றுமில்லை. எட்டில் பெரியதும் அதுதான். ஏற்கெனவே ஒரு மணி நேரம் உட்கார்ந்த ஜனத்துக்கு அதைக் கடைசியில் போடுவது, வாசலைத் திறந்துவிட்டுப் போங்கள் என்று சொல்வதற்குச் சமம்.

ஹம்ஸாவுக்கும் அது புரிந்தது. "பாக்கி உங்களோடது அண்ணா. நீங்க வேண்டாம்னா எடுத்துடறேன். பெரியப்பா சொல்ற மாதிரி காவேரியோட முடிச்சுக்கலாம். அதுவும் நல்ல முடிவுதான்."

நான் அந்த நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். காவிரியோடு முடித்தால் என் பணம் பத்திரம். ஸ்டீபன்ராஜுக்கும் கூட வேலை பார்த்த மற்ற இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கரூர்ப் பையன் ஒரு எழுத்தைப் பார்த்து ஏறி உட்கார்ந்தவன். இறங்கு, இது உன் பஸ் இல்லை என்று நடுவழியில் நடத்துநர் சொல்லும்போது எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நாற்காலியைக் கடைசியில் வைத்தேன்.

"பைத்தியக்காரா" என்றார் யதிராஜன் சார். கோபமாகச் சொல்லவில்லை.

ஆடிப்பெருக்கு முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. அம்மா மண்டபம் சாலையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். ஆடி என்பதால் வாடகை மலிவு. இருநூறு நாற்காலி போட்டோம். வாசலில் வைத்த பலகையில் வசீம் பெரிதாக 'படி' என்று எழுதி, கீழே 'தொகுப்பு: ஹம்ஸா, அடைக்கலம்' என்று சின்னதாக எழுதியிருந்தான். எனக்குத் தெரியாமல் செய்த வேலை. எங்கள் ஆட்கள் அதன் முன்னால் நின்று ஒருவன் மாற்றி ஒருவன் படித்தார்கள்.

"எந்த அடைக்கலம்ண்ணே இது?" என்றான் ஸ்டீபன்ராஜ்.

"உள்ள போய் உட்காருடா."

"உட்காரவா? நாங்க எப்பவும் பின்னாலதானே நிப்போம்."

"இன்னிக்கு நிக்க வேண்டாம். நின்னா கை சும்மா இருக்காது."

நான் பந்தல்காரர்கள், சமையல்காரர்கள், மேளக்காரர்கள் என்று வேலையில்லாமல் இருந்த எல்லாரையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தேன். ஸ்ரீரங்கத்து மாமிகள் கோயிலுக்குப் போகிற மாதிரி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நடுவில். "ஆள் பிடிச்சுண்டு வந்துட்டேளா?" என்றார் சார். "ஆள் பிடிக்கக் கூடாதுன்னு பேச்சுல இல்லையே சார்" என்றேன். இருநூறும் நிறைந்து, சிலர் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள்.

குக்கர் படத்துக்கே மண்டபம் சிரித்தது. "எங்காத்துல எடுத்திருக்கா" என்றாள் ஒரு மாமி. பஸ் படத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்த அம்மாவோடு சேர்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் பாதியில் விட்ட பெயரை இவர்கள் முடித்தார்கள். சுபலட்சுமி எங்கோ நடுவரிசையில் இருந்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். நான் பின்சுவரில் சாய்ந்து நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தலைகளின் வரிசை ஒழுங்காக இருந்தால் சரி.

துண்டு ஆடுகிற படத்தில் எங்கள் ஆட்கள் விலை கேட்டார்கள். "எட்டுதான்டா. மாடு கிழடு." "நீ மாட்டைப் பாத்தியா?" "துண்டு தயங்குது பாரு." யாரோ ஒரு மாமா, கூர்ந்து கேட்டுவிட்டு, "பத்துக்கு முடிச்சுடலாம்" என்றார்.

தூசி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்ன இடம். நாற்காலி உராய்கிற சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால் அத்தனை பேரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஓட்டை வழியாக வந்த வெளிச்சத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஹம்ஸா மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்தாள். நான் தோற்றுப்போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

காவிரி ஏறியது. கடைசிப் படியும் தண்ணீருக்குள் போனதும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு மாமிகள் பையை எடுத்து மடியில் வைத்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தேவிட்டார். பக்கத்தில் இருந்த ஸ்டீபன்ராஜின் கை, அவனையறியாமல், அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தது. நான் இங்கிருந்தே விரலைக் காட்டினேன். கையை எடுத்துக்கொண்டான். பெரியவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது.

முதல் இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. மரச்சட்டம். தகடு. பிறகு நடுவில் ஒரு குரல் கேட்டது. "இதுல படி எங்க?" கல்லூரிப் பிள்ளை ஒருத்தன். யதிராஜன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை. பயந்திருந்தார்.

"முழக்கோலை வெச்சு அளக்கிறானே, அது படியளக்கிறது இல்லையோ?" என்றாள் முன்வரிசை மாமி, பையை மடியிலேயே வைத்துக்கொண்டு.

"அது முழம் மாமி. படி இல்லை."

"அந்தச் சின்னவன் பெரியவன் அடிக்கிறதைப் பாத்து அதே மாதிரி அடிக்கிறான் பாருங்க. ஜெராக்ஸ்."

"படிக்கிறான்னு சொல்லு. தொழில் படிக்கிறான்."

சுத்தியல் ஓய்ந்து, ஒருத்தன் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துத் தகட்டின்மேல் பெயிண்ட் புகையை விட்டான். பச்சை. அது மெதுவாக இறங்கியது. "படியுது" என்றாள் எங்கள் சமையல்கார பவுனம்மாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மண்டபம் முழுக்க அது கேட்டது.

எல்லாரும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். தப்பு என்று முடிவு செய்த பிறகு நாங்கள் யாரும் அந்தப் படத்துக்குள் தேடவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாடியில் டிவியில் பார்த்தபோது ஓரமெல்லாம் இருட்டாக இருந்தது. இங்கே திரை எங்கள் சட்டத்தில் கட்டிய முழுத் திரை. கடைசி நிமிஷத்தில் லாரி மட்டும் நின்றது, ஆளில்லாமல். ஒரு வயசான பட்டறைக்காரர் ஓரத்தில் இருந்து வந்து, கதவுக்குக் கீழே புதிதாகப் பொருத்திய இரும்பில் காலை வைத்து, கனம் தாங்குகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"ஏறு படி!" என்று கத்திக்கொண்டு எழுந்து நின்றான் ஸ்டீபன்ராஜ். அந்தப் படத்துக்கு எழுந்தவன் அவன் ஒருத்தன்தான். நாற்காலியைத் தொடவில்லை.

பட்டறைக்காரர் ஏறினார். திரை இருட்டாயிற்று. கைதட்டல் சுவரில் மோதித் திரும்பியது. வசீம் விளக்கைப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. துண்டுப் படத்தில் விலை எட்டா பத்தா என்று ஒரு வரிசையில் வாக்குவாதம். தொழில் படிப்பதும் படிப்புதான் என்று இன்னொரு வரிசையில். ஒரு மாமி பவுனம்மாளைத் தேடிப்போய், நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஹம்ஸா கரூர்ப் பையனுக்குப் போன் போட்டு, அதை உயரத் தூக்கிப் பிடித்துக் கைதட்டலைக் கேட்க வைத்தாள். அவன் "எந்தப் படத்துக்குங்க, என் படத்துக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

"நாற்காலி எடுக்கணும்ண்ணே" என்றான் ஸ்டீபன்ராஜ்.

"எழுந்திரிக்கட்டும்டா."

"எழுந்திரிக்க மாட்டேங்கிறாங்களே."

யதிராஜன் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து என் வலது கையின்மேல் போட்டார். அதற்குக் கீழே தன் கையை விட்டு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"மணிக்கட்டுக்குக் கணக்குக் கிடையாதுங்க சார்" என்றேன்.

"இருங்கோ, இருங்கோ."

விரல்களைத் தடவிக் கண்டுபிடித்து, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார். விட்டார். இரண்டைப் பிடித்தார். கொஞ்சம் நிறுத்தினார். மறுபடி இரண்டு. பிறகு மடித்த நோட்டுகளை அந்தத் துணிக்குள்ளேயே என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"எவ்வளவுண்ணே?" என்று எட்டிப் பார்த்தான் ஸ்டீபன்ராஜ்.

"துண்டுக்குள்ள இருக்கிறதை வெளியில கேக்கக் கூடாதுடா."

சார் கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிஞ்சுதா?" என்றார்.

"படிஞ்சுதுங்க சார்."